பிழை இலக்கம் 150க்கு ஒரு வரலாறு உண்டு

மைஎஸ்கியூஎல்லில் இரண்டு அட்டவணைகளை இணைக்க முயன்ற ஆட்களுக்கு இந்த 150ஐத் தெரிந்திருக்கும். கட்டளையை எழுதி முடித்து எண்டர் தட்டினால், அட்டவணையை உருவாக்க முடியவில்லை, பிழை இலக்கம் 150 என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான். எந்த நிரலில் பிழை, என்ன பிழை, ஒன்றும் சொல்லாது. இலக்கத்துக்கு விளக்கம் தருகிற 'பெரர்' என்ற சின்னக் கருவியிடம் கேட்டால், அந்நியச் சாவிக் கட்டுப்பாடு சரியாக அமைக்கப்படவில்லை என்று சொல்லும். அது எங்களுக்கும் தெரியும்தானே.

நான் வரலாறு படிக்கிற ஆள். கணினி விஞ்ஞானம் என்ர பாடம் இல்லை. நண்பர்கள் சிலர் பழைய சஞ்சிகைகளின் பட்டியல் ஒன்றைத் தரவுத்தளத்தில் ஏற்றத் தொடங்கியபோதுதான் இந்த 150 எனக்கு அறிமுகமானது. கணினி படிக்கிற பெடியள் இதைத் திருத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். எனக்கோ வேறு கேள்வி. ஒரு இயந்திரம் ஏன் இவ்வளவு கறாராக மறுக்கிறது? மறுப்பதென்றால் ஏன் காரணம் சொல்ல மாட்டேன் என்கிறது? தேடிப் பார்த்தால், இந்தப் பிழைக்கு இருக்கிற ஏழெட்டுக் காரணங்களில் கனக்க காரணங்களுக்குப் பின்னால் ஒரு ஆண்டு இருக்கிறது, ஒரு ஊர் இருக்கிறது, சிலதுக்கு ஒரு சண்டையும் இருக்கிறது.

முதலில் சாவி என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். 'ஆசிரியர்கள்' என்று ஒரு அட்டவணை. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கம். அது முதன்மைச் சாவி. 'கட்டுரைகள்' என்று இன்னொரு அட்டவணை. அதில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்தில் அதை எழுதியவரின் இலக்கம் இருக்கும். வேறொரு அட்டவணைக்குச் சொந்தமான இலக்கம் இங்கே வந்து இருப்பதால் அது அந்நியச் சாவி, பொரின் கீ. ஆசிரியர் அட்டவணையில் இல்லாத இலக்கம் எதுவும் கட்டுரை அட்டவணைக்குள் வரக் கூடாது என்பதுதான் விதி. வந்துவிட்டால் அந்த நிரையை அநாதை என்கிறார்கள்.

அநாதை நிரையில் என்ன பெரிய ஆபத்து என்று கேட்கலாம். ஆபத்து என்னவென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. கட்டுரையையும் ஆசிரியரையும் சேர்த்து ஒரு பட்டியல் எடுக்கிறோம். வழக்கமான இணைப்பில், ஆசிரியர் கிடைக்காத கட்டுரை பட்டியலில் வராது. பிழைச் செய்தியும் வராது. 312 கட்டுரைகள் இருக்க வேண்டிய இடத்தில் 305 இருந்தால் அதை யார் எண்ணப் போகிறார்கள்? நூலகத்து அட்டைப் பெட்டியில் ஒரு அட்டை கிழிந்திருந்தால் கிழிசலாவது தெரியும். இங்கே அந்த ஏழு கட்டுரைகளும் எழுதப்படவே இல்லை என்பதுபோல் ஆகிவிடும். எங்கள் ஆவணங்களில் எவ்வளவு ஏற்கெனவே தொலைந்து போயிற்று என்று தெரிந்தவர்களுக்கு இது சின்ன விசயம் இல்லை.

இனிக் கதைக்கு வருவோம்.

1960களின் தரவுத்தளங்களில் ஒரு பதிவிலிருந்து இன்னொரு பதிவுக்குப் போக வழி ஒன்று அமைத்து வைக்க வேண்டும். சங்கிலி மாதிரி. ஜெனரல் எலக்ட்ரிக்கில் சார்ல்ஸ் பாக்மன் உருவாக்கிய ஐடிஎஸ் அப்படித்தான் இயங்கியது. அப்பலோ சந்திரப் பயணத் திட்டத்தின் உதிரிப்பாகங்களைக் கணக்கு வைக்கவென்று தொடங்கப்பட்ட ஐபிஎம்மின் ஐஎம்எஸ், தாய் பிள்ளை என்ற மர அமைப்பில் இயங்கியது. இரண்டிலும் நிரலாளர் தரவுக்குள் வழி பிடித்து நடந்து போக வேண்டும். 1973இல் பாக்மனுக்கு டியூரிங் விருது கிடைத்தபோது அவர் ஆற்றிய உரையின் கருத்தே நிரலாளரை ஒரு மாலுமியாகப் பார்ப்பதுதான். வழியை மாற்றினால் அந்த வழியில் போன நிரல்கள் எல்லாம் உடையும்.

இதை மாற்றியவர் எட்கர் கொட். 1923இல் இங்கிலாந்தில் பிறந்தவர், ஒக்ஸ்பேட்டில் படித்தவர், இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையில் விமானம் ஓட்டியவர். பிறகு அமெரிக்கா போய் ஐபிஎம்மில் சேர்ந்தார். மக்கார்த்தி காலத்து கம்யூனிச வேட்டை பிடிக்காமல் சில ஆண்டுகள் கனடாவுக்குப் போய் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். 1970 ஜூனில் அவருடைய கட்டுரை வெளிவருகிறது. அதில் இருந்த எண்ணம் கேட்க மிக எளிது. பதிவுகளுக்கிடையில் சங்கிலி வேண்டாம். இந்த அட்டவணையில் 17, அந்த அட்டவணையிலும் 17. இரண்டும் ஒன்று. அந்த ஒருமையே தொடர்பு. முதன்மைச் சாவி, அந்நியச் சாவி என்ற இரண்டு சொற்களும் அந்தக் கட்டுரையிலேயே இருக்கின்றன.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேணும், ஏனென்றால் 150இன் விதை இங்கேதான் கிடக்கிறது. தொடர்பு என்பது இரண்டு பெறுமானங்களும் 'ஒன்று' என்பதில் மட்டும் தங்கியிருந்தால், 'ஒன்று' என்றால் என்ன என்பதில் இரண்டு அட்டவணைகளுக்கும் ஒரே கருத்து இருக்க வேண்டும். கொட் இதற்காக டொமைன் என்ற எண்ணத்தை வைத்தார். ஒவ்வொரு நிரலும் எந்தப் பெறுமானத் தொகுதியிலிருந்து வருகிறது என்று சொல்லியாக வேண்டும். ஆசிரியர் இலக்கமும் கட்டுரையின் பக்க எண்ணும் இரண்டும் எண்கள்தான், ஆனால் 17ஆம் ஆசிரியரும் 17ஆம் பக்கமும் ஒன்று இல்லை. பின்னால் வந்த வணிகத் தரவுத்தளங்கள் இந்த டொமைன் எண்ணத்தைப் பெரும்பாலும் கைவிட்டு, முழு எண், எழுத்துச்சரம் என்று வெறும் தரவு வகைகளை மட்டும் வைத்துக்கொண்டன. அந்நியச் சாவி போடும்போது இரண்டு பக்கமும் வகை பொருந்துகிறதா என்று இயந்திரம் பார்ப்பது அந்தப் பழைய எண்ணத்தின் மிச்சம் என்றே நான் வாசிக்கிறேன்.

கொட்டின் எண்ணத்தை அவருடைய கம்பனியே அவசரமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐஎம்எஸ் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. 1974இல் மிச்சிகனின் ஆன் ஆர்பரில் கொட் அணிக்கும் பாக்மன் அணிக்கும் நேருக்கு நேர் விவாதம் நடந்தது. ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வுகூடத்தில் சிஸ்டம் ஆர் என்ற பரிசோதனை முயற்சி தொடங்கியது. எஸ்கியூஎல் மொழி அங்கேதான் பிறந்தது. 1979இல் லரி எலிசனின் கம்பனி எஸ்கியூஎல் தரவுத்தளம் ஒன்றை விற்கத் தொடங்கிவிட்டது. அதுதான் பிறகு ஒராக்கிள். கொட்டுக்கு 1981இல் டியூரிங் விருது.

ஆனால் சாவி? அட்டவணை வந்தது, மொழி வந்தது, சாவிக்கான காவல் மட்டும் வரவில்லை. 1986இல் அமெரிக்கத் தர நிறுவனம் எஸ்கியூஎல்லை முதன்முதலில் தரப்படுத்தியபோது அதில் அந்நியச் சாவி இல்லை. 1989 பதிப்பில்தான் வந்தது. ஐபிஎம்மின் டிபி2இல் 1988இல் வந்தது. ஒராக்கிளின் 6ஆம் பதிப்பு செய்ததுதான் வேடிக்கை: அந்நியச் சாவி எழுதினால் ஏற்றுக்கொள்ளும், ஆனால் காவல் காக்காது. 1992இல் வந்த 7ஆம் பதிப்புதான் உண்மையில் காத்தது. கட்டுரை வந்து 22 ஆண்டுகள்.

'ஏற்றுக்கொள்ளும், ஆனால் செய்யாது' என்ற இந்தப் பழக்கத்தை நினைவில் வையுங்கோ. இன்னும் பெரிய அளவில் அது திரும்ப வரும்.

1995இல் மைஎஸ்கியூஎல் வருகிறது. மைக்கல் விடேனியஸ் என்ற பின்லாந்துக்காரரும் டேவிட் அக்ஸ்மார்க், அலன் லார்சன் என்ற இருவரும் சுவீடனில் தொடங்கியது. 'மை' என்பது விடேனியஸின் மகளின் பெயர். இணையத்தளங்கள் முளைத்த காலம், எல்லாருக்கும் இலவசமான, வேகமான தரவுத்தளம் ஒன்று தேவைப்பட்டது. மைஎஸ்கியூஎல் இரண்டும்தான். அதன் அட்டவணைகளை அப்போது சேமித்த மைஐசாம் என்ற எஞ்ஜினுக்கு அந்நியச் சாவி தெரியாது. நீங்கள் எழுதினால் மறுக்காது. வாசிக்கும், சரி என்று சொல்லும், மறந்துவிடும். அந்தக் காலத்துக் கையேட்டில், அந்நியச் சாவியை ஏன் பயன்படுத்தக் கூடாது என்பதற்கென்றே ஒரு பகுதி இருந்தது. வேகம் குறையும், இந்தச் சோதனையை நிரலாளரே தன் நிரலில் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் வாதத்தின் சாரம்.

வாதம் முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு நிரையும் உள்ளே வரும்போது இன்னொரு அட்டவணையைப் போய்ப் பார்ப்பது செலவுதான். ஆனால் வேண்டாம் என்பவர் மறுக்க வேண்டும். சரி என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் விடுவது வேறு வகையான காரியம். தன் தரவு காக்கப்படுகிறது என்று நம்பிக்கொண்டிருந்த எத்தனை பேரின் அட்டவணைகளில் அநாதைகள் சேர்ந்திருக்கும்! எஸ்கியூலைட்டும் 2009 ஒக்டோபரில் 3.6.19 பதிப்பு வரும்வரை இதையே செய்தது. இப்போதும் அதில் காவலை ஒவ்வொரு இணைப்பிலும் நாங்களாகப் போட்டுவிட வேண்டும், தானாக வராது. போஸ்ட்கிரெஸ் 2000இலேயே, 7.0 பதிப்பில், ஒழுங்காகக் கொண்டுவந்துவிட்டது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லத்தான் வேணும்.

மைஎஸ்கியூஎல்லுக்குக் காவலைக் கொண்டுவந்தவர் ஹெல்சிங்கியிலிருந்த ஹெய்கி டூரி. அவருடைய எஞ்ஜின் இன்னோடிபி. 2001இல் அது மைஎஸ்கியூஎல்லோடு சேர்ந்தது, அந்நியச் சாவியும் அதே காலத்தில் வந்தது. இதோடுதான் மறுப்பும் வந்தது, எங்கட 150உம் அந்த எஞ்ஜினுக்குள்ளிருந்து வருகிற இலக்கம்தான். ஆனால் இன்னோடிபி இயல்பான எஞ்ஜின் ஆவதற்கு 2010இன் கடைசியில் வந்த 5.5 பதிப்புவரை பொறுக்க வேண்டியிருந்தது. அதற்கிடையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஒரே தரவுத்தளத்துக்குள் இரண்டு ஆட்சி: எஞ்ஜின் பெயரைச் சொல்லாமல் உருவாக்கிய அட்டவணை மைஐசாம் ஆகிவிடும், அதில் சாவி மௌனமாக மறக்கப்படும். தாய் அட்டவணை மைஐசாம், பிள்ளை அட்டவணை இன்னோடிபி என்றால் பிழை வரும். பழைய தளங்களைத் தொடுகிறவர்களுக்கு இன்றும் வருகிற காரணம் இது.

அடுத்தது எழுத்து. என்னை ஆகக் கூடுதலாக இழுத்தது இதுதான்.

மைஎஸ்கியூஎல் சுவீடனில் பிறந்ததால், 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை அதன் இயல்பான எழுத்துத் தொகுதி லட்டின்1, ஒப்பீட்டு விதி சுவீடிஷ். எந்த எழுத்தும் எந்த எழுத்தும் 'ஒன்று' என்று தீர்மானிப்பது இந்த ஒப்பீட்டு விதிதான். சுவீடிஷ் விதியில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று. மேலே இரண்டு புள்ளி வைத்த ஜெர்மன் 'யூ'வும் ஆங்கில 'வை'யும்கூட ஒன்று. எழுத்துச்சர நிரல்களுக்கிடையில் அந்நியச் சாவி போடும்போது எழுத்துத் தொகுதியும் ஒப்பீட்டு விதியும் இரண்டு பக்கமும் அப்படியே பொருந்த வேண்டும் என்று இன்னோடிபி பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். ஒரு பக்கத்துக்கு ஒன்றாகத் தெரிவது மற்றப் பக்கத்துக்கு இரண்டாகத் தெரிந்தால், கொட் சொன்ன தொடர்புக்கு அர்த்தமே இல்லை.

எங்களுக்கு இதில் சொந்தக் கதை ஒன்று உண்டு. இலங்கையில் எத்தனையோ ஆண்டுகள் நாங்கள் பாமினி எழுத்துருவில் தட்டினோம். திரையில் தமிழ், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. பாமினியில் சின்ன 'எஃப்' தட்டினால் க, பெரிய 'எஃப்' தட்டினால் கு. சின்ன 'கே' என்றால் ம, பெரிய 'கே' என்றால் மு. இப்போது பாமினியில் தட்டிய தலைப்புகளை லட்டின்1 சுவீடிஷ் நிரலில் போடுங்கோ. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று என்கிற விதிக்கு 'கடி'யும் 'குடி'யும் ஒன்று, 'மடி'யும் 'முடி'யும் ஒன்று! அதைச் சாவியாக வைத்தால் 'குடி' என்ற பிள்ளை நிரை 'கடி' என்ற தாயைப் போய்ப் பிடித்துக்கொள்ளும், காவல்காரனும் பேசாமல் விடுவான். யூனிகோட் தமிழைக் கொண்டுபோய் அதே நிரலில் போட்டால் இன்னும் மோசம்: லட்டின்1இல் தமிழுக்கு இடமே இல்லை, தளர்வான அமைப்பில் எல்லாம் கேள்விக்குறியாக மாறிவிடும்.

8.0 பதிப்பில் இயல்பு யூடிஎஃப்8எம்பி4 ஆனது. நல்லதுதான். ஆனால் பழைய அட்டவணை பழைய விதியோடு கிடக்க, புதிதாக உருவாக்குகிற அட்டவணை புதிய விதியோடு வரும். இரண்டையும் இணைக்கப் போனால் மறுப்பு. சாவி நிரலுக்கு எழுத்து வேண்டாம், எண்ணை வையுங்கோ என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணை வைத்தாலும் முழுக்கத் தப்பேலாது. சாதாரண முழு எண்ணும் நேர் எண் மட்டும் ஏற்கிற முழு எண்ணும் இன்னோடிபிக்கு வேறு வேறு. 2019 பெப்ரவரியில் லரவெல் 5.8 வந்தபோது, புதிய அட்டவணைகளுக்கான மாதிரியில் முதன்மைச் சாவி பெரிய முழு எண்ணாக மாறியது. பழைய பாடங்களைப் பார்த்துப் பிள்ளை அட்டவணையில் சாதாரண முழு எண் எழுதியவர்களுக்கு அன்றிலிருந்து பிழை. நிரல் ஒரு எழுத்தும் மாறவில்லை, பாடமும் அப்படியே இருக்கிறது, காலம் மட்டும் மாறிவிட்டது. அடையாள அட்டை இலக்கத்தை யோசித்துப் பாருங்கோ. 9 இலக்கமும் ஒரு எழுத்துமாக இருந்தது 2016இலிருந்து 12 இலக்கமானது. பழையதையும் ஏற்க ஒரு அட்டவணை எழுத்துச்சரமாகவும், புதியதை மட்டும் எதிர்பார்த்து மற்ற அட்டவணை எண்ணாகவும் வைத்திருந்தால், அந்த இரண்டையும் எந்தச் சாவியாலும் இணைக்க முடியாது.

மற்றக் காரணங்களில் பெரிய கதை இல்லை. தாய் அட்டவணை இன்னும் உருவாகாமல் இருக்கும். தாய் நிரலுக்கு இன்டெக்ஸ் இருக்காது. தாய் நீங்கினால் பிள்ளையில் வெறுமை வை என்று சொல்லியிருப்போம், அந்த நிரலோ வெறுமையை ஏற்காத நிரலாக இருக்கும். கட்டுப்பாட்டுக்கு வைத்த பெயர் அதே தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருந்தால் 121 என்று வேறு இலக்கம் வரும்.

காரணம் கண்டுபிடிக்கச் செய்ய வேண்டியது இரண்டு. 'ஷோ கிரியேட் டேபிள்' கட்டளையால் இரண்டு அட்டவணைகளின் வரைவிலக்கணத்தையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எஞ்ஜின், வகை, எழுத்துத் தொகுதி, ஒப்பீட்டு விதி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது. கலைப்பீடத்து ஆட்களுக்கு இது பழகின வேலை, பாடபேதம் பார்ப்பதுதான். மற்றது 'ஷோ எஞ்ஜின் இன்னோடிபி ஸ்டேட்டஸ்'. அதன் நீண்ட அறிக்கைக்குள் கடைசி அந்நியச் சாவிப் பிழை என்று ஒரு பகுதி வரும், அங்கே காரணம் வசனமாக எழுதியிருக்கும். அதாவது இயந்திரத்துக்குக் காரணம் எப்போதும் தெரிந்தே இருந்தது! ஆனால் அந்தக் கட்டளையை ஓட்டத் தனி அனுமதி வேண்டும். மலிவான பகிர்வு வழங்கியில் இடம் எடுத்துக் கற்றுக்கொள்கிற ஒருவருக்குப் பொதுவாக அந்த அனுமதி கிடைப்பதில்லை. யாருக்கு ஆகக் கூடுதலாக விளக்கம் தேவையோ அவருக்குத்தான் வெறும் இலக்கம். 8.0 பதிப்பில்தான் நிலைமை நன்றாகத் திருந்தியது. எந்த நிரலும் எந்த நிரலும் பொருந்தவில்லை என்று பெயர் சொல்லியே இப்போது பிழை வருகிறது.

இன்னொரு இலக்கம் இருக்கிறது: 1452. அமைப்பு எல்லாம் சரி, ஆனால் உள்ளே ஏற்கெனவே அநாதை நிரைகள் இருக்கின்றன, அதனால் சாவி போட முடியாது என்பது அதன் பொருள். இதற்கு இணையத்தில் சுலபமாகக் கிடைக்கிற ஆலோசனை, சாவிச் சோதனையை நிறுத்திவிட்டுப் போடு, பிறகு திரும்பப் போட்டுவிடு என்பது. செய்தால் வேலை முடிந்த மாதிரித்தான் இருக்கும். ஆனால் சோதனையைத் திரும்பப் போட்டாலும் மைஎஸ்கியூஎல் ஏற்கெனவே உள்ளே கிடக்கிற நிரைகளைத் திரும்பிப் பார்க்காது. சாவி இருக்கும், அநாதைகளும் இருக்கும். மைஐசாம் காலத்துக்கே திரும்பிப் போன மாதிரி. இரண்டாவது ஆலோசனை, அநாதைகளை அழித்துவிடு. ஒரு கடைக் கணக்குக்கு அது சரியாக இருக்கலாம். ஆவணப் பட்டியலில் அழிக்கவே கூடாது என்பது என் கட்சி. ஆசிரியர் இல்லாத கட்டுரை என்றால் ஆசிரியரின் நிரையை யாரோ எப்போதோ நீக்கியிருக்கிறார்கள், அல்லது ஒரு இலக்கம் பிழையாகத் தட்டப்பட்டிருக்கிறது. இடது இணைப்பு ஒன்றைப் போட்டு, தாய் கிடைக்காத நிரைகளைத் தனிப் பட்டியலாக எடுத்து, மூல இதழை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மினக்கெட்ட வேலைதான்.

பெரிய தளங்கள் அந்நியச் சாவி இல்லாமல்தானே ஓடுகின்றன என்று ஒரு வாதமும் உண்டு. உண்மைதான். வேர்ட்பிரஸின் அட்டவணைகளில் அந்நியச் சாவி இல்லை. பெரிய அட்டவணைகளின் அமைப்பை மாற்ற கிட்ஹப் வெளியிட்ட 'கோஸ்ட்' கருவி அந்நியச் சாவிகளை ஆதரிப்பதில்லை. தரவைப் பல வழங்கிகளுக்குப் பிரித்து வைத்திருப்பவர்களுக்குச் சாவி இடைஞ்சல், அதற்குப் பதிலாகக் காவல் பார்க்க அவர்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். நாலு பேர் ஓய்வு நேரத்தில் செய்கிற சஞ்சிகைப் பட்டியலுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

கதை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தாய் நிரல் தனித்துவமாக இல்லாவிட்டாலும், வெறும் இன்டெக்ஸ் இருந்தால் போதும் என்று இன்னோடிபி இவ்வளவு காலம் விட்டுவைத்திருந்தது. கொட் எழுதியதற்கும் எஸ்கியூஎல் தரத்துக்கும் அது ஒத்துவராது. ஒரு பிள்ளைக்கு எந்தத் தாய் என்றே தெரியாமல் போகலாம். 2024இல் வந்த 8.4 பதிப்பு அந்த வாசலை இயல்பாகவே மூடிவிட்டது. பழைய அமைப்புகளை அதற்குக் கொண்டுபோகிறவர்கள் இனிப் பார்க்கப் போகிற இலக்கம் 6125.